கரைமுரசும் செக்குக்கார அங்காயியும்

முன்னொரு காலத்தில் செங்கழு நாட்டை இளவேங்கை என்றொரு ராசா ஆண்டான். கெட்டவன் இல்லை. காலையில் ஒன்று சொல்வான். தின்ற சோறு செரித்ததும் வேறொன்று சொல்வான். அவ்வளவுதான்.

நாட்டுச் சபைக்கு ஊருக்கு ஓர் ஆள். ஊரார் கூடிக் கை தூக்கித் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆலங்கரைக்கான இடம் காலியானது. அரசவைப் பிரதானி சடையப்ப நாயகம் தன் மருமகன் மாசிலாமணியை அதில் உட்காரவைக்கப் பார்த்தார். அமைச்சர் தாழையப்பர் குறுக்கே நின்றார்.

"ஊர் சொல்லட்டும், மகாராஜா."

"ஊர் என்ன சொல்லும்?" என்றார் நாயகம். "கள் வாங்கிக் கொடுத்தவனுக்கு ஒரு கை தூக்கும். மிரட்டினவனுக்கு இரண்டு கையும் தூக்கும்."

ராசா சிரித்தான். அந்தச் சிரிப்பு தாழையப்பருக்குப் பிடிக்கவில்லை.

"அதுவும் சரிதான். அமைச்சரே, கை தூக்கக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. ஓலையும் கூடாது. ஊர் யாரை நம்புகிறது என்று நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குக் காட்டும். முடியாவிட்டால் மாசிலாமணிதான் சபையில். உமக்கும் இங்கே வேலை இல்லை."

மறுநாள் எல்லாரும் ஆலங்கரையில். அடைமழை விட்டிருந்தது. ஏரி தளும்பியது. தாழையப்பர் காலையிலிருந்து கரைமேல் நடந்தார். ஓரிடத்தில் கால் புதைந்தது. மழைக்காலம், அப்படித்தான் என்று விட்டுவிட்டார். யோசனை ஒன்றும் வரவில்லை.

மாசிலாமணியின் மச்சு வீட்டில் ராசாவுக்கு விருந்து. மாடியிலிருந்து நாயகம் குரல் கொடுத்தார்.

"அமைச்சரே, பொழுது சாய்கிறதே! மூட்டை கட்டியாயிற்றா?"

ஆபத்து வந்தால் ஊர் யாரிடம் ஓடும் என்று நினைத்தார் தாழையப்பர். கரைமேல் தொங்கிய முரசைப் பார்த்தார். ஏரி உடைந்தால் மட்டும் அடிக்கிற முரசு. பொய்யாக அடித்தவனுக்குத் தலை போகும். எந்த ராசாவும் மாற்றாத சட்டம்.

கோலை எடுத்தார். அடித்தார்.

ஊர் வாரிச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தது. வந்த கூட்டம் மச்சு வீட்டைப் பார்த்து ஓடியது. தாழையப்பர் கோலைக் கீழே போட்டார். வெள்ளம் என்றால் மச்சில் ஏறத்தானே ஓடுவான்! இதை யோசிக்கவில்லையே!

கூட்டம் மச்சு வீட்டு வாசலை எட்டியது. நிற்கவில்லை. தாண்டி ஓடியது.

தெருக்கோடியில் ஒரு செக்கு. அங்காயி வீடு. அவளிடம் ஏச்சு வாங்காதவன் அந்த ஊரில் கிடையாது. அத்தனை பேரும் அவள் வாசலில் போய் நின்றார்கள். கடைசியாக மச்சு வீட்டுக் கதவு திறந்தது. மாசிலாமணி ஓடினான். பின்னாலேயே வேட்டியை இடுக்கிக்கொண்டு நாயகம். அவர்களும் செக்கடிக்குத்தான். மாடியில் ராசா மட்டும் நின்று பார்த்தான்.

அங்காயி முன்னால் வந்தாள். பின்னால் ஊரே அவள் வாசலில் அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகளைச் சுமந்து வந்தது.

"எந்தப் படுபாவி முரசடிச்சது? எங்க ஒடைப்பு?"

"உடைப்பு இல்லை, தாயே. நான்தான் அடித்தேன்."

ராசாவும் குதிரையில் வந்து சேர்ந்தான். நாயகத்துக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கத்தினார். "பொய் முரசு! மகாராஜா, சட்டப்படி தலை!"

ராசாவின் முகம் இறுகியது. தாழையப்பர் தலை குனிந்தார்.

"யோவ், கொஞ்சம் சும்மா இரும்" என்றாள் அங்காயி. காலால் கரையை மிதித்தாள். காலையில் தாழையப்பர் கால் புதைந்த அதே இடம். மண் சரிந்தது. உள்ளிருந்து தண்ணீர் பீறிட்டது.

"கரை கசியுதுன்னு ரெண்டு வருஷமா கத்துறேன். ஒருத்தன் எட்டிப் பாக்கல. இந்த மனுசன் அடிச்சதாலதான் எல்லாரும் வந்திருக்கீங்க. மூட்டையைப் போடுங்கடா!"

போட்டார்கள். தண்ணீர் நின்றது. தாழையப்பருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ராசா குதிரையை விட்டிறங்கித் தன் முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டான். அங்காயியிடம் திரும்பினான்.

"சபைக்கு வருகிறாயா?"

"வருவேன். ஆனா என் வாய் சும்மா இருக்காது, ராசா."

"மகாராஜா!" என்றார் நாயகம். "இவளுக்கு யாருமே கை தூக்கவில்லையே!"

"எப்படித் தூக்குவார்கள்? கையில் மூட்டை இருந்ததே" என்றான் ராசா. "உம்முடையது இன்னும் தோளில்தான் இருக்கிறது, பாரும்."

நாயகம் சட்டென்று அதை இறக்கப் போனார். அங்காயி திரும்பிப் பார்த்தாள்.

இறக்கவில்லை.