அங்காயி வீட்டு நீலச் செவுரு

கண்ணை மூடிக்கிட்டே கேளு. ஆனா 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா கதை நடுவழியில நின்னுக்கும்.

ஒரு ஊர்ல ஒரு செவுரு இருந்துச்சாம். ஆமா, செவுருதான். ராசா ராணியெல்லாம் இல்ல. அது அங்காயி வீட்டுச் செவுரு. அங்காயியும் அவ புருசன் தங்கராசும் பத்து வருசம் வாடகை வீட்டுல இருந்தாங்க. அந்த வீட்டுக்காரம்மா விருந்தாளி யாரையும் உள்ள விடமாட்டா. அதனால அங்காயிக்கு ஒரே ஆசை. சொந்த வீடு வாங்கணும், பால் காய்ச்சுற அன்னிக்குத் தெருவே உள்ள வந்து உக்காரணும். ம் சொல்லு.

"ம்."

அப்புறம் மாசிலாமணித் தாத்தா தன்னோட பழைய வீட்டைக் கொறஞ்ச விலைக்கு அவளுக்குக் கொடுத்தாரு. அதுவே அங்காயிக்கு உறுத்துச்சு. 'சும்மா கொடுப்பாரா? என்னவோ இருக்கு'ன்னு தூணையெல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டிப் பார்த்தா. அவ அப்படித்தான். கோயில்ல துன்னூறு கொடுத்தாக்கூட மோந்து பார்ப்பா.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறதுன்னு நாள் குறிச்சாங்க, பாலும் தாத்தா வீட்டு மாட்டுப் பால்தான். ஆளு வச்சு வெள்ளையடிக்க வசதியில்ல. சுண்ணாம்பை ஊற வச்சு, நீலத்தைக் கலந்து, பனமட்டை நுனியை நசுக்கி, அவளே அடிச்சா. சரட்டு சரட்டு! நெறம் ஒட்டணும்னு வடிச்ச கஞ்சியும் கை நெறைய உப்பும் போட்டா. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, "என்னக்கா கலக்குறே?"ன்னா. "ஒண்ணுமில்ல"ன்னு சட்டியை மூடிட்டா. சொன்னா அவளும் அதேமாதிரி செஞ்சுருவாளாம்!

செவ்வாக்கிழமை காலையில தண்ணிக்குப் போயிட்டு வந்தா, வாசல் செவுத்துல மொறம் அளவுக்கு நீலத்தைக் காணோம். ஈரத்துணியால தொடைச்ச மாதிரி இருக்கு. அங்காயி பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்துனா.

"சின்னப்பொண்ணு! எம் வீடு அழகா இருக்குறது உனக்குப் பொறுக்கலையா?"

"நானா? உன் வாசப்படி இனி மிதிக்கமாட்டேன்க்கா."

மறுபடி பூசுனா. புதன்கிழமையும் அதே எடம், மறுபடி காணோம். அப்போ புருசன் மேல பாஞ்சா. அவன்தான் வெள்ளையே போதும்னு சொன்னவனாச்சே.

"நீங்கதானே அழிச்சீங்க?"

தங்கராசு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டான். ம்?

"ம்..."

வியாழக்கிழமையும் காணோம். நேரா மாசிலாமணித் தாத்தா வீட்டுக்கே போனா.

"வித்த வீட்டைக் கெடுக்க வர்றீங்களா?"

"இந்த வயசுல எனக்கு இந்தப் பேரா? நாளைக்கு எம் மாட்டுப் பாலை எதிர்பார்க்காதே!"

திரும்பி வந்து மறுபடி பூசுனா, அதோட சுண்ணாம்பும் தீந்துபோச்சு. வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. புதுப்பானை இருக்கு, அடுப்பு இருக்கு. பால் இல்ல, புருசன் இல்ல, ஒரு ஈ காக்கா இல்ல. அங்காயிக்கு அழுகையா வந்துச்சு. ஆனா, அழுதுகிட்டே வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டுக் கதவு மறைவுல நின்னா. திருடனையாச்சும் புடிக்கணும்ல?

அப்போ ணங் ணங்னு மணிச்சத்தம். தாத்தாவோட செவலைப் பசு! பின்னாடியே கன்னுக்குட்டி. வந்துச்சு, செவுத்துல மூஞ்சியை வச்சுச்சு, வரட்டு வரட்டுன்னு நக்குச்சு பாரு! மூக்கும் நாக்கும் நீலம். அங்காயி கையிலேருந்து வெளக்கமாறு பொத்துன்னு விழுந்துச்சு.

தாத்தா மூச்சிரைக்க ஓடியாந்தாரு.

"கையும் களவுமாப் புடிச்சேன்! மூணு நாளா எம் மாட்டு மூஞ்சிக்கு நீலம் பூசுறது நீதானே?"

அங்காயி அவரைப் பார்த்தா. மாட்டைப் பார்த்தா. களுக்குனு சிரிச்சுட்டா. அவருக்கும் வாய் கோணுச்சு, அப்புறம் அவரும் சிரிச்சுட்டாரு. "பானையைக் கொண்டா"ன்னாரு. சர்ர்ரு சர்ர்ருன்னு அங்கேயே கறந்தாரு.

அங்காயி முதல்ல நாத்தனார் வீட்டுக்கு ஓடுனா. "தப்பு என்மேலதாங்க, வாங்க"ன்னு புருசன் கையைப் புடிச்சு இழுத்தாந்தா. அப்புறம் பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு, "உப்புப் போட்டுட்டேன்டி சின்னப்பொண்ணு, என்னை மன்னிச்சிரு"ன்னா.

சின்னப்பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. "உப்புப் போட்டா மாடு நக்கும்க்கா! அன்னிக்குக் கேட்டப்பவே சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

அங்காயிக்கு வெக்கமாப் போச்சு. "உள்ள வாடி"ன்னா. சின்னப்பொண்ணு வந்தா. அவ பின்னாடியே தெருவே வந்துச்சு. பால் புஸ்ஸுன்னு பொங்குச்சு. அந்த மொறம் அளவு எடத்தை மட்டும் அங்காயி கடைசிவரைக்கும் பூசவே இல்ல. தினமும் ஒரு கை உப்பை அங்கே வச்சா, செவலைக்கு.

ம் சொல்லு... சொல்லலையா? சரி. பால் பொங்கிருச்சு, கதை அடங்கிருச்சு, நீயும் அடங்கு கண்ணு.