குற்றாலிங்கம் தேடிய சத்தம்

தாமிரபரணியின் கால்வாய் ஒன்று வயல்களுக்குள் பிரிந்து போகும் இடத்தில் ஆவுடையப்ப சாமியின் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைவுக்கு வரலாம்; அங்கே அவை இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், அதைவிடப் பெரிய அடுக்களை, ஒரு பழைய வேன், இவ்வளவுதான். நாள்தோறும் அந்த வேன் சோறும் சாம்பாரும் ஏற்றிக்கொண்டு, தனித்து வாழும் முதியவர்களுடைய வீட்டு வாசல்களுக்குப் போய் வரும்.

சாமிக்கு நாற்பது வயது நிறையவில்லை. அவருடைய சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபது கடந்துவிட்டது. ஆகவே சீடர் குருவைச் 'சாமி' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

குற்றாலிங்கம் தென்காசியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய கைத்திறனுக்கு எவ்வளவு பெயரோ, அவ்வளவு பெயர் அவருடைய கோபத்துக்கும் உண்டு. லாரியின் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் லாரிக்காரரை விரட்டிவிடுவார் என்பார்கள். ஒருநாள், ரசத்தில் புளி தூக்கல் என்று அதைக் கிண்ணத்தோடு முற்றத்தில் எறிந்தார். அவருடைய மனைவி சண்முகத்தாய் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அவருடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பையை வாசலில் வைத்தாள்.

"கோவத்த எங்கயாவது எறக்கி வச்சிட்டு வாங்க" என்றாள்.

அவர் மடத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் பேத்தி ஒருத்தி பிறந்தாள். அவளுடைய முகத்தை அவர் நேரில் பார்த்ததில்லை. இப்போது அவளுக்குக் காதுகுத்து. சண்முகத்தாய் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினாள்: "சாமி போகச் சொன்னா வாங்க. சொல்லலேன்னா வர வேண்டாம்."

மறுநாள் காலை குற்றாலிங்கம் குளித்து, திருநீறு பூசி, குருவின் முன்னால் போய் நின்றார். சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, எங்கிட்ட இப்போ கோவம் இல்ல."

"அப்படியா அண்ணாச்சி?"

"நல்லாத் தேடிட்டேன். விடியக்காலம் மகிழ மரத்தடியில உக்காந்து மனச அசைச்சு அசைச்சுப் பாத்துட்டேன். எங்கயும் ஆட்டம் இல்ல. ஊருக்குப் போயிட்டு வரட்டுமா?"

சாமி ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். அது முற்றல். அதைத் தள்ளி வைத்தார்.

"வேன்ல முன்பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம் வருதுன்னு பூலம்மா சொல்லுதா. அதக் கொஞ்சம் பாத்திருங்க. பெறகு பேசுவோம்."

குற்றாலிங்கத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குரு மறுக்கவில்லை, அதோடு கைக்குப் பழகிய வேலையும் கிடைத்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேன் நின்ற கொட்டகைக்கு விரைந்தார்.

லாரிகளின் முன்சக்கரங்களில் அவர் ஆட்டத்தைப் பிடிக்கும் முறை ஒன்றுதான். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து உலுக்க வேண்டும். தேய்மானம் இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். வேனின் இடப்புறத்தில் ஜாக்கி வைத்தார். தூக்கினார், உலுக்கினார். அசைவில்லை. கடப்பாரையால் நெம்பினார். அப்போதும் இல்லை. இறக்கிவிட்டு வலப்புறத்தைத் தூக்கினார். அங்கும் எல்லாம் இறுக்கமாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"வண்டி சுத்தமா இருக்கு சாமி. சத்தம் வர வழியே இல்ல."

"அப்போ பூலம்மாளுக்குக் கேட்டது?"

"பிரமையா இருக்கும்."

பூலம்மாள்தான் மடத்தின் சமையற்காரி. வேனை ஓட்டுபவளும் அவளே. அடுக்களைச் சன்னல் வழியாக அவளுடைய தலை வெளியே வந்தது.

"யாருக்குப் பிரமை? எனக்கா? சாதம் வெந்ததையே சத்தத்த வச்சுச் சொல்லுதவ நான். ஏறும் வண்டியில!"

"போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் சாமி. "இன்னைக்கு நீங்கதான் பரிமாறணும்."

சோற்று அண்டாவும் சாம்பார்த் தூக்குகளும் ஏற்றப்பட்டன. பூலம்மாள் ஓட்டினாள். குற்றாலிங்கம் பக்கத்தில் அமர்ந்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்துக்கொண்டார். தார்ச்சாலை முடிந்து கால்வாய்க்கரைப் பாதை தொடங்கியதும், டொக் என்றது. இன்னும் நாலு பள்ளம் தாண்டியதும், டொக் டொக் என்றது.

"பிரமை பேசுதே, கேக்குதா?" என்றாள் பூலம்மாள்.

"மெதுவாப் போ."

"இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கித் தள்ளணும்."

வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது சத்தம் நின்றது. நேர்ப்பாதைக்கு வந்ததும் மீண்டும் தொடங்கியது. குற்றாலிங்கம் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ ஒன்று பிடிபடுவதுபோல் வந்து நழுவியது.

"தென்காசியில லாரிக்காரன் எல்லாம் உம்மகிட்ட வரிசையில நிப்பானாமே?"

"கொஞ்சம் பேசாம இரு தாயி. கேக்கணும்."

"நின்னவன் எல்லாம் வண்டியோடதான் திரும்பிப் போனானா, இல்ல ஓடியே போயிட்டானா?"

டொக்.

"காதுகுத்துக்குப் போறீராமே! பிள்ளை காதக் குத்துததுக்கு முன்னால தாத்தா காதுல ஒரு ஓட்டை போடச் சொல்லணும். அப்பவாவது கேக்கும்."

டொக். டொக்.

"வாய மூடுதியா இல்லையா! ஒரு மனுசன் என்ன பண்ணிக்கிட்டிருக்கான்னு தெரியாண்டாமா? மூதி!"

வயலில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குகள் அத்தனையும் ஒருசேர எழுந்து பறந்தன. பூலம்மாள் பிரேக்கை மிதித்தாள். சாம்பார்த் தூக்குகள் ஒன்றோடொன்று மோதி அடங்கின.

குற்றாலிங்கத்தின் முகம் வெளுத்தது. மூன்று ஆண்டுகளாக மரத்தடியில் கிடைக்காதது கால்வாய்க்கரையில் தானாக வந்து நின்றது.

பூலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பாடா! மூணு வருசமா மரக்கட்டையக் கூட்டி வச்சிருக்கோமோன்னு பயந்துட்டேன். உசுரு இருக்கு!"

"தப்பா ஏசிட்டேன் தாயி."

"சரியாத்தான் ஏசினீரு. நானும் விடாம நோண்டிக்கிட்டுத்தான வந்தேன். எறங்கி மொகத்தக் கழுவும். சாம்பார் ஆறுது."

அவர் இறங்கினார். கால்வாயில் முகம் கழுவினார். தலை நிமிராமல் திரும்பி வந்தவர், வேனின் முன்சக்கரத்துக்கு எதிரே நின்றுவிட்டார். வண்டி நான்கு சக்கரங்களிலும் சமமாக நின்றது. உள்ளே சுமை இருந்தது. தரையில் நிற்கிற வண்டியைத் தாம் இன்னும் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பூலம்மாளிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார். புழுதியில் மல்லாந்து படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே குறுக்காக ஒரு கம்பி ஓடுகிறது. அதன் இரு நுனிகளையும் சக்கரங்களோடு பிணைப்பவை சாண் நீள லிங்க் ராடுகள். இடப்பக்கத்து லிங்கைப் பிடித்து அசைத்தார்.

டொக்.

காலையில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியபோது அந்தக் குறுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது. லிங்கை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த விறைப்பில் தேய்மானம் ஒளிந்துகொண்டது. வளைவில் சத்தம் நின்றதும் அதனால்தான். இரு சக்கரங்களும் சமமாகத் தரையில் நின்றபோது அது விரலுக்கே அகப்பட்டது.

"பூலம்மா! பிரமையப் பிடிச்சிட்டேன்!"

அவள் குனிந்து பார்த்தாள். அவர் மறுபடியும் அசைத்தார். டொக். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். புழுதியில் படுத்தபடியே, தலைப்பிள்ளை பெற்றவர்போல, இன்னும் நாலுமுறை அசைத்துக் காட்டினார்.

சோறு பரிமாறி முடித்து, திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் புது லிங்க் வாங்கி அங்கேயே மாட்டினார். கால்வாய்க்கரைப் பாதையில் சத்தமே எழவில்லை. பூலம்மாள் வேண்டுமென்றே பள்ளம் பள்ளமாகத் தேடி இறக்கிப் பார்த்தாள்.

மாலையில் குற்றாலிங்கம் குருவின் முன்னால் போய் நின்றார். வேட்டியில் புழுதி இருந்தது.

"சத்தத்தப் பிடிச்சு மாத்தியாச்சு சாமி. லிங்க்தான்."

"காலையில அகப்படலையே அண்ணாச்சி?"

"காலையில சக்கரத்தத் தூக்கில்லா வச்சிருந்தேன். வண்டி தரையில நிக்கும்போதுதான் அகப்பட்டுது."

"நல்லது."

சீடர் போகவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் அகப்பட்டுது சாமி. கோவம் எங்கயும் போகல. பூலம்மாள நடுவழியில வச்சு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்."

"கேள்விப்பட்டேன். கொக்கெல்லாம் இங்க வந்துதான் உக்காந்துச்சு."

அடுக்களையில் யாரோ சிரிப்பை அடக்கப் பாடுபடுவது கேட்டது.

"காதுகுத்துக்கு நான் போகல சாமி. பிள்ளைய இன்னொரு நாள் பாத்துக்கிடுதேன். இன்னும் கொஞ்ச வருசம் அந்த மரத்தடியிலயே உக்காந்து தேடுதேன்."

"மூணு வருசமா உங்கள ஜாக்கியில ஏத்தில்லா வச்சிருந்தேன்" என்றார் சாமி. "காலையில முத பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

குற்றாலிங்கம் கையிலிருந்த துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாசல்ல வச்சு சண்முகத்தாய் கேட்டா என்ன சொல்ல சாமி?"

"சத்தம் இன்னும் இருக்கு, அதான் வந்தேன்னு சொல்லுங்க."