தாய்மாமன் அளந்த சிம்மாசனம்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்குப் பொழுது போகாவிட்டால் ஜனங்களுக்குப் போர் வந்துவிடும் காலத்தில், கடற்கரை நாடொன்றைத் திரைவென்றான் என்ற மன்னன் ஆண்டான். பெயர்தான் அப்படி, கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவனில்லை. வயது இருபத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை.

ஒருநாள் போர்த்துகீசியத் தூதன் ஒருவன் வந்து தன் நாட்டின் பழைய அரச வம்சத்தைப் புகழ்ந்தான். பட்டத்துக்கு உரிமையில்லாத ஒரு பிள்ளை வாளெடுத்து முடிசூடியது, அவன் வழிவந்தவர்கள் கப்பல் விட்டுப் பாதி உலகம் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டது, கடைசியில் இளம் மன்னன் ஒருவன் இரும்புக் கவசம் பூண்டு கடல் தாண்டிப் போருக்குப் போனது. அத்தோடு தூதன் வணங்கி அமர்ந்துவிட்டான். மீதியை யாரும் கேட்கவில்லை.

மன்னனுக்குக் கவச ஆசை பிடித்துக்கொண்டது. "நாமும் கடல் தாண்டுவோம்! அந்த வம்சம் செய்தபடியே, ஒன்று விடாமல்!"

தளவாய் எட்டியப்பனுக்கு மூன்று வருஷமாக ஒரே ஆசை: விகடகவி வெண்காடனைத் தலையில்லாமல் பார்க்க வேண்டும். "ஏற்பாட்டை வெண்காடனிடமே விடுங்கள், பிரபு. ஒன்று குறைந்தாலும் தலையை எடுத்துவிடலாம்," என்றான் பணிவாக.

"உத்தரவு," என்ற வெண்காடன் நேரே துறைமுகத்துக்குப் போய், தூதனின் கப்பல் சமையல்காரனைப் பிடித்தான். தூதன் சொல்லாமல் விழுங்கிய பாதிக் கதை அவனிடம் இருந்தது.

எட்டாம் நாள் உச்சிவெயிலில், கவசத்துக்குள் வெந்தபடி மன்னன் சபைக்கு வந்தான். சிம்மாசனத்தில், மடத்திலிருந்து தூக்கிவரப்பட்ட அவனுடைய சின்னத்தாத்தா. காவி வேட்டி, எண்பது வயது, ஒரு பல்கூட இல்லை. இரண்டு பேர் கயிறு பிடித்துச் சிம்மாசனத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"யாரடா நீங்கள்?"

"பக்கத்து நாட்டு ராஜா, உங்க தாய்மாமா, அனுப்பினாருங்க. அவருக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு. உட்கார்ந்தா கொள்ளுமான்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு."

வெண்காடன் கைகட்டி நின்றான். "அங்கே கவசத்தோடு போன பிள்ளை பாலைநிலத்து வெயிலில் தொலைந்தே போனான், பிரபு. வாரிசில்லை. துறவியான சின்னத்தாத்தாவை உட்காரவைத்தார்கள். அவருக்குப் பெண்கூடத் தேடினார்கள். கிடைப்பதற்குள் அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு, தொலைந்த பிள்ளையின் தாய்மாமன் வந்து அமர்ந்தார். வம்சம் முடிந்தது. ஒன்று விடாமல் என்றீர்களே! தங்கள் மாமாவுக்கும் ஓலை அனுப்பினேன்; தாங்கள் கடல் தாண்டும் செய்தி கேட்டு, அது போய்ச் சேருமுன்பே அவர் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்."

"பொண்ணு பாத்தாச்சா?" என்றார் சின்னத்தாத்தா.

"ஜனங்கள் அந்தப் பிள்ளை பனிமூட்டத்தில் திரும்பி வருவான் என்று கரையில் காத்துக் கிடந்தார்களாம். நம் ஊரில் பனிமூட்டம் கிடையாது. ஈர விறகு போட்டுப் புகை மூட்டச் சொல்லியிருக்கிறேன். இனித் தாங்கள் தொலைய வேண்டியது ஒன்றுதான் பாக்கி."

கவசத்துக்குள்ளிருந்து, அண்டாவில் கூழாங்கல் உருட்டுவதுபோல் ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் சபை நடுங்கியது. தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

மன்னனின் முத்துமாலை வெண்காடன் கழுத்துக்குப் போனது. கவசம் தளவாய்க்குப் போனது. பொழுது சாயும்வரை அதைப் போட்டுக்கொண்டு கோட்டைமேல் நிற்க உத்தரவு.

அளக்க வந்தவர்கள் முகம் வாடிக் கயிற்றைச் சுருட்டினார்கள். "மாமாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"மருமகன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான், சீரோடு வரச் சொல்லுங்கள்," என்றான் மன்னன்.

சிம்மாசனத்தை விட்டு இறங்க மறுத்தவர் சின்னத்தாத்தா ஒருவர்தான்.