ஏரிப் படுகைக்கு இறங்கிய ஆதனார்

மார்கழித் திங்கள், மூன்றாம் நாள். அன்று ஆதனார் ஒரு சிறு பிழை செய்தார். மலைச்சாரலில் வெட்டவெளியில் லிங்கமாய் நின்ற ஈசனை நீராட்டியவர், திருமேனியைத் துணியால் ஒற்ற மறந்துவிட்டார். மனம் முழுவதும் குதிரைகள் மேல் இருந்தது.

கொங்கு நாட்டுச் சிற்றரசர் ஒருவரின் குதிரைகளை மேய்ப்பது அவர் தொழில். இலத்தி அள்ளுவார், குளம்பில் சிக்கிய கல்லை நெம்பி எடுப்பார், புல் அறுப்பார். விடியலில் அறுத்த முதற்பிடியைக் கொட்டிலுக்குக் கொண்டுபோகாமல் ஈசன் முன் வைத்து வணங்குவார். தம் கையால் எடுத்துக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. நந்திக்குப் போடவேண்டியதைச் சாமிக்குப் போடுகிறான் என்று கொட்டிலில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

அந்த ஆண்டு பனி கடுமையாக இறங்கிச் சாரலின் புல்லைக் கருக்கிவிட்டது. ஈனும் காலம் நெருங்கிய செம்பி என்ற பெண்குதிரைக்கு விலாவெலும்பு எழும்பித் தெரிந்தது. அடிவாரத்தில் நீர் வற்றிய ஏரிப் படுகையில் அருகம்புல் பச்சையாகக் கிடந்தது. ஆனால் முன்னொரு காலம் அங்கே மேய்ந்த குதிரைகள் வயிறு உப்பிச் செத்தன. அதன்பின் எவரும் அந்தப் பக்கம் ஓட்டிப்போனதில்லை. கொட்டில் தலைவர் கீரனார் முடிவை ஆதனார் தலையிலேயே கட்டினார்.

“குதிரைகளை இங்கயே வெச்சிருக்கறதும் படுகைக்கு எறக்கறதும் உன் பாடு, ஆதா. ஒண்ணு செத்தாலும் நீ இந்த நாட்டுல இருக்கப்படாது. உன் சாமிதான் புல்லுத் திங்கற சாமியாச்சே, அதையே கேட்டுக்க.”

முடிவுக்கு வராத காரியத்தைப் பூ வைத்துக் கேட்பது அந்நாட்டு வழக்கம். சாமியின் உச்சியில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. ஆதனார் ஒரு நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கைகூப்பி நின்றார். வெயில் ஏறியும் பூ அசையவில்லை. ஈரக்கல்லில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் தாம் துடைக்க மறந்தது அவருக்கு உறைத்தது. கேட்டதையே திரும்பக் கேட்பது முறையல்ல. கிடைத்திருக்க வேண்டிய விடையைத் தாமே கெடுத்துக்கொண்டோமே என்று நொந்தபடி குடிசைக்கு வந்தார்.

அவர் மனைவி செய்யாள் செம்பிக்குக் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டவர் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

“ஏனுங்க, நாம எறங்கிப் போயிட்டா தை முடியற மட்டும் சாமிகிட்ட ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்குத்தான தயங்கறீங்க? குதிரைக்காகவா தயங்கறீங்க?”

ஆதனார் மனத்தில் குதிரைகளுக்கு வயிறு உப்புமோ என்ற அச்சம் இருந்தது உண்மை. ஈசனைப் பிரியவேண்டுமே என்ற அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்ததும் உண்மை. அன்று மாலை மீண்டும் சாரலுக்கு ஏறிப் போய் நின்றார்.

“சாமி, உனக்குப் பசி தாங்கும். வாயில்லாச் சீவனுக்குத் தாங்காது. நான் எறங்கறேன். தப்புன்னா என்னையக் கேளு, அதுகளைக் கேக்காத.”

குதிரைகளை ஓட்டிக்கொண்டு செய்யாளோடு அழுதபடியேதான் இறங்கினார். ஆனால் கை வேலையை மறக்கவில்லை. உலர்ந்த வைக்கோலைத் தின்னக் கொடுத்து, பனி உலர்ந்த பிறகே குதிரைகளைப் படுகையில் விட்டார். முதலில் சிறிது நேரம், பிறகு நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாக. அப்படியும் மந்தையில் ஒரு வயதுக் குட்டி ஒன்று வயிறு உப்பி மண்ணில் புரண்டது. ஏரிக்கரை இடையர்கள், ஊரை விட்டுப் போக மூட்டை கட்டியாயிற்றா என்று கேட்டார்கள். ஆதனார் ஈசன் பெயரைச் சொல்லிக்கொண்டே குட்டியை எழுப்பி நடத்தினார். செய்யாள் அதன் வயிற்றை நீவிக்கொண்டே உடன் நடந்தார். குட்டி இலத்தி போட்ட பிறகுதான் இருவரும் உட்கார்ந்தார்கள்.

அதன்பின் எந்தக் குதிரைக்கும் குறை வரவில்லை. செம்பியின் விலா மறைந்தது. தை பிறக்குமுன் ஒரு காலையில் கீரனார் பார்க்க வந்தார். படுகையின் மேல்கரையில் புல் தரையோடு தரையாக மேயப்பட்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அருகம்புல் முழங்கால் உயரம் செழித்து நின்றது. குதிரைகள் அதைச் சுற்றி விலகிப் போயின. விஷப்பூண்டோ என்று ஐயுற்ற கீரனார், செம்பியின் கயிற்றைப் பிடித்து அங்கே இழுத்தார். அது முன்கால்களை ஊன்றித் தலைதாழ்த்தி நின்றுவிட்டது.

ஆதனார் மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். வண்டலுக்குள் வழவழப்பான கல் ஒன்று கையில் பட்டது. மண்ணைத் தள்ளத் தள்ளச் சிவலிங்கத் திருமேனி வெளிப்பட்டது. அவர் நெற்றி மண்ணில் படக் கும்பிட்டார். கீரனார் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“நீ விட்டுட்டு வந்தேன்னு அழுதுட்டு இருந்தே, ஆதா. உன் சாமி உனக்கு முன்னாலயே எறங்கி வந்து எடம் புடிச்சுக் காத்திருக்குது.”

வாயில்லா உயிர்களுக்காகத் தம் ஈசனையே பிரியத் துணிந்தவர் ஆதனார். அந்தப் பிரிவையே பூசையாக ஏற்றான் பெருமான். அவர் அன்பு வாழ்க.

மேல்கரைப் புல் தீர்ந்துவிட்டது. மறுநாள் பனி உலர்ந்ததும் குதிரைகளைக் கீழ்க்கரைக்கு மாற்றிக் கட்டவேண்டும்.