முடிச்சில்லாத சரம்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், குழந்தைகளே, தண்ணீர் இருக்கும் இடத்தைப் பறவைகள் சரம் கோத்துச் சொல்லியனுப்பும். திசைக்கு ஓர் இறகு, தாண்ட வேண்டிய குன்றுக்கு ஒன்றாகக் குன்றிமணி, கடைசியில் பெரிய முடிச்சு. முடிச்சு அவிழ்ந்தால் மணிகள் கொட்டிவிடும், தூரம் தப்பாகிவிடும்.

அதனால் யானைக் கூட்டத்தின் தலைவி, "முடிச்சில்லாத சரத்தை உள்ளே விடாதே" என்று குரங்கைக் காவலுக்கு வைத்தது.

குரங்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையால் தடவிப் பார்த்தாலே போதும்; ஆனால் அதில் என்ன பெருமை? ஒரு மூங்கிலைக் கீறி, அந்தக் கீறலுக்குள் சரத்தை இழுத்தது. மணி நழுவிப் போகும், முடிச்சு மட்டும் சிக்கும், சிக்கினால் நல்ல சரம் என்பது ஏற்பாடு.

தானே சரங்கள் கோத்து, தானே இறுக்கி முடிந்து, தானே இழுத்துப் பார்த்தது. எல்லாம் சிக்கின. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது.

வேடிக்கை பார்த்த காட்டுப்பன்றி, "முடிச்சு இல்லாத ஒன்றையும் இழுத்துப் பாரேன்" என்றது.

"கெட்ட சரத்தை நானே கோப்பேனா? உனக்குக் கிழங்கு தோண்டத்தான் தெரியும், போ" என்றது குரங்கு.

அன்று மாலை காகம் ஒரு சரத்தைப் போட்டுவிட்டுப் பறந்தது. வழியில் முள்ளில் பட்டு முடிச்சு அவிழ்ந்து, மூன்று மணியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. குரங்கு இழுத்தது. சிக்கியது. "நல்ல சரம். ஒரே குன்றுதான்" என்று அறிவித்தது.

தாகத்தில் வாடிக் கிடந்த தன் குட்டியை எழுப்பி நடத்திக்கொண்டு தலைவி கிளம்பியது. குரங்கும் ஒரு யானையின் முதுகில் சவாரி செய்தது. குன்றுக்கு அப்பால் வெறும் பாறை. குட்டி அங்கேயே படுத்துவிட்டது.

எதிரே வந்த காகம் குரங்கின் கையிலிருந்த சரத்தைப் பார்த்துத் திகைத்தது. "நான் மூன்று அல்லவா கோத்தேன்?"

தலைவி சரத்தை வாங்கிப் பார்த்தது. "நுனியில் முடிச்சே இல்லையே. பிறகு எது சிக்கியது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. கீறல் அவ்வளவு குறுகல். அதில் குன்றிமணியே சிக்கும். "நான் கோத்ததெல்லாம் சரியாகத்தான் வந்தது" என்று முனகியது.

"நீ கோத்ததற்கு எதற்குக் காவல்?" என்றது தலைவி.

குட்டியைத் தும்பிக்கையால் தாங்கிக்கொண்டு யானைகள் இன்னும் இரண்டு குன்றுகளைத் தாண்டின. குளம் கண்ணில் பட்டதும் குரங்கு முந்திக்கொண்டு ஓடியது. தலைவியின் தும்பிக்கை குறுக்கே விழுந்தது.

"என் குட்டி வயிறாரக் குடிக்கட்டும். அதுவரை நீ உட்கார்ந்து முடிச்சில்லாத சரத்தை இழுத்துப் பார்."

நீதி: தவறானதைப் போட்டுப் பார்க்காத சோதனை, தவறைப் பிடிக்காது.