பொட்டுக்குக் கீழே ஒரு வார்த்தை

"மனப்பாடம் பண்ணினது எல்லாம் பறந்து போகுது டீச்சர். நாளைக்குப் பரீட்சை."

சொன்னவள் நர்ஸ் சகாயராணி. இங்கிலீஷ் பரீட்சையில் பாஸானால்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை. போன தடவை பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில் கவிழ்ந்துவிட்டாள்.

பூங்கோதை டீச்சர் அவளைவிடச் சின்னவள். மாடியில் ஒற்றை அறை வைத்து டியூஷன் எடுக்கிறாள். ஏறி வரும் படிக்கு இன்னும் கைப்பிடி கட்டவில்லை.

சகாயராணி குழந்தை ஜோவியைப் பாயில் உட்கார வைத்தாள். பையைக் கவிழ்த்தாள். கத்தை கத்தையாக அட்டைகள். ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் தமிழ் அர்த்தம்.

"சோறு வடிக்கும்போதும் இதுதான், பஸ்ஸிலும் இதுதான். ஆனா தெரியாத வார்த்தை ஒண்ணு வந்தா அங்கேயே நின்னுடுறேன்."

டீச்சர் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய பொட்டு ஒன்றைப் பிய்த்தாள். இங்கிலீஷ் தாளில் இருந்த ஒரு பத்தியில், ஒரு வார்த்தையின் மேல் ஒட்டினாள்.

"படிங்க அக்கா."

"பொட்டு வச்சாச்சு, பூ வைக்கலையா டீச்சர்?"

"படிங்க."

பத்தியில் ஒரு ரயில் நிலையம். கூட்டம். ஒரு அம்மா பையைத் தூக்கக் குனிகிறாள். நிமிர்ந்தால், பிள்ளையைக் காணோம். அந்த அம்மாவின் நிலையைச் சொல்லும் வார்த்தையின் மேல்தான் பொட்டு. அவள் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து ஓடுகிறாள்.

சகாயராணி பொட்டில் நிற்கவில்லை. "பிள்ளை கிடைச்சுதா?" என்று முனகிக்கொண்டே தாளைத் திருப்பினாள்.

திடீரென்று பாயைப் பார்த்தாள்.

பாய் காலி.

"ஜோவி!"

படிக்கட்டுக்கு ஓடினாள். கீழே பார்க்கப் பயந்தாள். பார்த்தாள். யாரும் இல்லை. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், எங்கும் இல்லை. டீச்சர் தடதடவென்று படியிறங்கித் தெருவுக்கே ஓடினாள்.

அறைக்குள் ஏதோ சரசரத்தது.

கதவுக்குப் பின்னால் ஜோவி. சுற்றிலும் அட்டைகள். வாயில் ஒன்று.

"எமகாதகி, உசுரே போச்சுடி!" முதுகில் ஒன்று வைத்தாள். உடனே தூக்கி இடுப்பில் வைத்து, அதே இடத்தில் முத்தமும் கொடுத்தாள்.

டீச்சர் மூச்சிரைக்க ஏறி வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே கிடந்த தாளை எடுத்தாள்.

"பொட்டுக்குக் கீழே என்ன இருக்கும் அக்கா?"

சகாயராணி டீச்சரின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இது."

டீச்சர் பொட்டை உரித்தாள்.

ஃப்ரான்டிக். "பயத்தில் பதறித் தவிக்கிறதுன்னு அர்த்தம் அக்கா."

"இது என்கிட்ட இருக்கு டீச்சர்!"

குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமலே அட்டைகளைக் கிளறி அந்த வார்த்தை இருந்த அட்டையை எடுத்தாள். பின்பக்கம், அவள் கையெழுத்திலேயே, 'வெறிகொண்ட' என்று இருந்தது.

டீச்சர் பேனாவை நீட்டினாள்.

சகாயராணி அந்த அர்த்தத்தைக் கோடு போட்டு அடித்தாள். கீழே இரண்டே எழுத்து எழுதினாள்.

ஜோவி.