நாலு முழங்கால் கூண்டு

மந்திக்குளத்தில் கோழிக்கூண்டு கட்டத் தெரியாதவர்கள் மூன்றே பேர்தான் இருந்தார்கள். அந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு கோழிக்கூண்டு கட்டினார்கள். கதை அவ்வளவுதான். இத்தோடு நிறுத்தினால் நீங்கள் விடமாட்டீர்கள், அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

மூத்தவன் தளவாய். அடுத்தவன் அவன் தம்பி மாசானம். மூன்றாமவன் கொம்பையா, தளவாய் பெண்டாட்டி குருவம்மாவின் தம்பி. அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன், வந்த வழி மறந்துபோனதால் இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறான்.

குருவம்மா வளர்த்த கோழிகளை ஒரு கீரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது செவலை என்ற ஒரே பெட்டைக்கோழி. தளவாய்க்குச் செவலை என்றால் உயிர். மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். முதல் உருண்டை அதற்கு. அது வேண்டாம் என்று தலையைத் திருப்பினால்தான் அவனுக்கு.

அன்றைக்குக் குருவம்மா தங்கச்சி வளைகாப்புக்குக் கிளம்பினாள். தெருமுனையில் மினி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு நின்றது. ஓட்டமும் நடையுமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"மூங்கில், தகரம், ஆணி எல்லாம் புறவாசல்ல கிடக்கு. முழங்கால் உசரத்துக்கு நாலு கால் வச்சு ஒரு கூண்டு கட்டுங்க. உள்ள காத்து வரணும், கீரி வரக் கூடாது. ஓட்டை இருந்தா அடைச்சிருங்க. முட்டையெல்லாம் எடுத்து உள்ள அடை வச்சிருங்க. சாயங்காலம் நான் வரும்போது கூண்டு இல்லைன்னா செவலையை அறுத்துக் குழம்பு வச்சிருவேன், ஆமா. கீரி வயித்துக்குப் போறதுக்கு நம்ம வயித்துக்குப் போகட்டும்."

தளவாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். செவலையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அப்புறம் சாயங்காலம் வரை இறக்கவே இல்லை. அதாவது, மூன்று பேர் செய்த வேலையில் ஒருத்தனுக்கு ஒரு கைதான்.

வேலை தொடங்குவதற்கு முன்பே சிக்கல் வந்துவிட்டது. கிளப்பியவன் மாசானம்.

"அண்ணே, முழங்கால் உசரம்னு மதினி சொல்லிட்டுப் போயிட்டா. யாரு முழங்கால்னு சொல்லலியே?"

மூவரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். மூன்று முழங்கால் மூன்று உயரத்தில் இருந்தது. மாசானம் பனைமரம் மாதிரி. கொம்பையா அவன் இடுப்புக்கு வருவான்.

"என் அக்கா சொன்னது. அதனால என் முழங்கால்தான்" என்றான் கொம்பையா.

"என் பெண்டாட்டி சொன்னது. என் முழங்கால்" என்றான் தளவாய்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. கூண்டு யாருக்கு? கோழிக்கு. அப்ப கோழி முழங்கால்தான் கணக்கு" என்றான் மாசானம்.

இது நியாயமாகப் பட்டது. மூவரும் குனிந்து, தளவாய் கக்கத்திலிருந்து தொங்கிய செவலையின் காலைப் பார்த்தார்கள்.

"ஏலே, இதுக்கு முழங்கால் பின்னாடி மடங்குது" என்றான் கொம்பையா.

"தப்பா மாட்டிக் குடுத்துட்டானோ?" என்றான் மாசானம்.

"யாரு?"

"கோழி விக்கிறவன்தான்."

கடைசியில் தளவாய் தீர்ப்புச் சொன்னான். "சண்டை வேண்டாம். ஆள் மூணு, கோழி ஒண்ணு. கூண்டுக்குக் கால் நாலு. ஆளுக்கொரு கால் வச்சிருவோம். யாருக்கும் மனக்குறை வராது."

அப்படியே மாசானம் முழங்காலுக்கு ஒன்று, தளவாய் முழங்காலுக்கு ஒன்று, கொம்பையா முழங்காலுக்கு ஒன்று, செவலை முழங்காலுக்கு ஒன்று என்று மூங்கிலை வெட்டி நட்டார்கள். செவலையின் கால் தரைக்கு மேலே இரண்டு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் சட்டத்தை வைத்ததும் அது குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"சாயுதே அத்தான்."

"எந்தப் பக்கம் சாயுது?"

"கோழிப் பக்கம்."

"பாத்தியா? கூண்டுக்கே தெரியுது யாருக்குன்னு" என்று தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து ஆணி. மாசானம் ஆணியைப் பிடித்தான். கொம்பையா சுத்தியலை ஓங்கினான்.

"லேய், கையைப் பாத்து அடி" என்றான் தளவாய்.

கொம்பையா சொன்ன சொல் தட்டாதவன். மாசானத்தின் கையை நன்றாகப் பார்த்து, குறி தவறாமல் அதிலேயே அடித்தான். மாசானம் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன.

"அத்தான்தான் கையைப் பாத்து அடிக்கச் சொன்னாரு!"

"சரி, தொலையுது. இந்தத் தடவை கையைப் பாக்காம அடி."

கொம்பையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தான். ஆணி ஒரே அடியில் உள்ளே போய்விட்டது. அதிலிருந்து எல்லா ஆணியையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கூண்டிலேயே உருப்படியாக அமைந்தது ஆணிகள்தான்.

மூங்கிலைப் பத்தைகளாகப் பிளந்து, அடியில் நெருக்கமாகவும் நான்கு பக்கமும் இடைவெளி விட்டும் அடித்தார்கள். மேலே தகரத்தைப் போட்டார்கள். கதவுக்கு ஒரு பக்கம் வாய் விட்டார்கள். பார்த்தால் கூண்டு மாதிரியே இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர்கள் அவர்களா?

"காத்து வருதான்னு பாக்கணுமே" என்றான் மாசானம்.

அவனே கதவு வாய் வழியாகத் தலையை உள்ளே விட்டுக்கொண்டான். கொம்பையா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பத்தை இடுக்கில் வாயை வைத்து ஊதினான்.

"வருதா மச்சான்?"

"வருதுலே. வெங்காய வாசத்தோட வருது."

"அப்ப காத்து சரி. இனி கீரி வருதான்னு பாக்கணும்."

"கீரிக்கு எங்க போக?"

"கோழியை உள்ள வச்சா தானா வரும்" என்றான் மாசானம்.

தளவாய் இரண்டு எட்டு பின்னால் போனான். "செவலை மேல கை வச்சே, தம்பின்னு பாக்க மாட்டேன்."

"சரிண்ணே, கோபப்படாத. முட்டையை வைப்போம். மதினியும் அடை வைக்கத்தானே சொன்னா?"

கொம்பையா முகம் வெளுத்துப்போனது. "அடையும் வைக்கச் சொன்னாளா?"

"ஆமா. முட்டையை அடை வைக்கணும்னு சொன்னாள்லா?"

"சட்டியில ரெண்டு அடை மிச்சம் இருந்துச்சு. கோழிக்குன்னு தெரியாம நான் தின்னுட்டேன் அத்தான்" என்று அழ ஆரம்பித்தான். அழாதே, முட்டை மட்டும் வைத்தால் போதும் என்று சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முட்டைகளைக் கொண்டுவந்து உள்ளே பரப்பினார்கள். அத்தனையும் உருண்டு செவலையின் கால் இருந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. மூவரும் தண்ணித்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கீரி வந்தது. வராமல் இருக்குமா? முட்டை வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலி ஓரமாகப் பதுங்கி வந்து, பத்தைகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு வாய் வழியாக நிதானமாக உள்ளே போனது.

"பாத்தியளா, காத்து வர்ற வழியா வரலை" என்று கொம்பையா பூரித்துப்போனான்.

"அந்தப் பெரிய ஓட்டை வழியால்லா போச்சு" என்றான் மாசானம். "ஓட்டை இருந்தா அடைக்கணும்னு மதினி சொல்லியிருக்கா. வாலே!"

இருவரும் பாய்ந்து போய், மிச்சமிருந்த தகரத்தைக் கதவு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆணி அடித்துவிட்டார்கள்.

தளவாய் தலையில் அடித்துக்கொண்டான், அந்த ஒரு கையால். "போச்சே! கீரி உள்ள இருக்கேலே! குருவம்மா வந்தா செவலை குழம்புதான்!"

மாசானம் அண்ணன் தோளில் கை போட்டான். "நிதானமா யோசிண்ணே. மதினி என்ன சொன்னா? கீரி உள்ள வரக் கூடாதுன்னா. இருக்கக் கூடாதுன்னு சொன்னாளா?"

"இல்லை."

"உள்ள இருக்கிற கீரி எப்படி உள்ள வரும்?"

தளவாய் யோசித்தான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வழி தெரியவில்லை. "வராதுதான்" என்று ஒத்துக்கொண்டான்.

இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த கொம்பையா சைகை காட்டினான். "உஷ்! முட்டை மேல குனிஞ்சு உக்காந்திருக்கு. அடை காக்குது!"

மூவரும் நுனிக்காலில் நடந்து விலகினார்கள். அடைக்கு உட்கார்ந்த உயிரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். மாசானம் வீங்கின விரலை வாயில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் முனகினான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'கடக்', 'முடக்' என்று சத்தம் கேட்டது.

"பொரியுதுலே!"

"அதுக்குள்ளயா? கோழிக்கு மூணு வாரம் ஆகுமே?"

"கோழி சோம்பேறி அத்தான். இது வேட்டைக்குப் போற சாதி, சுறுசுறுப்பு."

தளவாய்க்குச் சுருக்கென்றது. செவலையின் காதைப் பொத்த நினைத்தான். காது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் தலையையே பொத்தினான்.

சாயங்காலம் குருவம்மா வளையல் குலுங்க வந்து சேர்ந்தாள். புறவாசலில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கீரி. கூண்டுக்கு வெளியே, புருஷன் கக்கத்தில், அவள் கோழி.

அவள் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூண்டு கட்டியாச்சு குருவம்மா. காத்து வரும். கீரி வராது. செவலையைக் குழம்பு வச்சிராத" என்று தளவாய் ஒரே மூச்சில் சொன்னான்.

குருவம்மா கூண்டைப் பார்த்தாள். கோழி திருடின கீரி தகரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தது. ஊரே கண்ணி வைத்து, வலை போட்டுப் பிடிக்க முடியாத கீரி. இந்த மூன்று பேர் ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வைக்கலை போங்க. இனி குழம்பு எதுக்கு? கள்ளன்தான் உள்ள இருக்கானே. விடிஞ்சதும் கூண்டோட தூக்கிட்டுப்போய் மலையடிவாரத்துல விட்டுட்டு வாங்க."

தளவாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. செவலையை முதல் தடவையாகக் கீழே இறக்கிவிட்டான். அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, இரண்டு தப்படி நடந்து, நின்று அவனைத் திட்டியது.

"முட்டை எங்க?" என்றாள் குருவம்மா.

"பொரிச்சாச்சுக்கா. ஒண்ணு பாக்கியில்லை. முட்டை ஓடு கிடக்கு பாரு" என்றான் கொம்பையா.

"அட கிறுக்குப் பயலே, கீரி தின்னுட்டுதுலே!"

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், வளைகாப்பில் ரொம்ப அலைச்சல் போலிருக்கிறது.

"தின்னா ஓட்டோட தின்னிருக்காதா மதினி?" என்று மாசானம் பொறுமையாகக் கேட்டான். "குஞ்சு பொரிஞ்சதாலதானே ஓடு உடைஞ்சு கிடக்கு?"

"அப்ப குஞ்சு எங்கலே?"

அதுவரை இது ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மூவரும் கூண்டுக்குள் பார்த்தார்கள். குஞ்சு இல்லை. தகரத்துக்கு மேலே பார்த்தார்கள். இல்லை. மாசானம் பத்தை இடுக்கில் வீங்கின விரலை விட்டுப் பார்த்து, அதை அவசரமாக வெளியே எடுத்தான்.

"காத்து உள்ள வர்ற வழியா அதுக வெளிய போயிருச்சுக!"

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கைப்பிடி குருணையை அள்ளிக்கொண்டு, "பா... பா... பா..." என்று தெருவில் இறங்கிவிட்டார்கள். குருவம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது ஒருத்தன் காதிலும் விழவில்லை.

மூன்றாவது வீட்டு வாசலில் ஆவுடையம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, எங்க வீட்டுக் குஞ்சுக இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று தளவாய் மூச்சிரைக்கக் கேட்டான்.

"தெருவெல்லாம் குஞ்சுதான் ஓடுது. உங்க குஞ்சுன்னு எப்படித் தெரியும்? அடையாளம் சொல்லு."

தளவாய் கையால் அளந்து காட்டினான். "மூக்கு சாதாரணக் கோழிக்குஞ்சு மாதிரிதான் இருக்கும். வாலு மட்டும் பெத்தவளை மாதிரி கொஞ்சம் நீளமா, புசுபுசுன்னு இருக்கும்."

"அட, அப்படியா?" என்ற ஆவுடையம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவளும் தேட ஆரம்பித்தாள்.